எட்டாவது மீட்டர்

எங்கள் கிடங்கில் எப்போதும் நான்கு டிகிரி குளிர். ஜெர்மனியில் எங்கள் பிரேமன் நகரமே வெந்துகொண்டிருந்த ஜூலை வாரத்தில், அதுவரை என்னைப் பார்த்துத் தலைகூட அசைக்காத பேராசிரியர்களெல்லாம் கம்பளிச் சட்டையோடு வந்து, "இம்கே, அந்தக் குழாயைக் கொஞ்சம் பாக்கணுமே" என்று இளித்தார்கள். யாரையும் பத்து நிமிடத்துக்கு மேல் உள்ளே விடவில்லை. என் சுபாவம் அப்படி.

உள்ளே இருப்பது சேறு. கப்பலிலிருந்து நீளக் குழாயை இறக்கிக் கடலடியில் குத்தி எடுத்த சேறு. மீட்டர் மீட்டராக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் நெடுக்கில் இரண்டாகப் பிளந்து அடுக்கியிருக்கிறோம். ஒரு பாதி வேலைப் பாதி. ஆராய்ச்சி செய்கிறவர்கள் அதைத் தோண்டிக்கொள்ளலாம். மற்றது காப்புப் பாதி. பின்னால் ஏதாவது சந்தேகம் வந்தால் பார்ப்பதற்காகக் கைபடாமல் வைத்திருப்பது. அதன் மூடியை என் சம்மதம் இல்லாமல் எவரும் திறக்க முடியாது. தூக்குவண்டி ஓட்டும் ஹாயோ என்னை மகாராணி என்று கூப்பிடுவது அதனால்தான்.

யோஸ்ட் மூன்றாம் மாடியில் இருந்தான். நாற்பத்தொரு வயது, என்னைவிட மூன்று வயது இளையவன். காலையில் ஆறாம் எண் டிராமில் இருவரும் சேர்ந்துதான் வருவோம். பன்னிரண்டு வருடமாக ஒப்பந்தத்தின்மேல் ஒப்பந்தமாக ஓட்டிக்கொண்டிருந்தான். சட்டப்படி அதற்குமேல் அவனைத் தற்காலிகமாக வைத்திருக்க முடியாது; நிரந்தரமாக எடுக்க வேண்டும், அல்லது போகச் சொல்ல வேண்டும். அந்த வருடம் ஒரே ஒரு நிரந்தர இடம் காலியானது. நான்கு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆளுக்கு ஓர் உரை. யோஸ்டுக்கு நவம்பரில் ஒரு வியாழக்கிழமை.

அவன் கையில் பெரிய சரக்கு ஒன்று இருந்தது. கடலின் மேல்பரப்பில் மிதந்து வாழும் நுண்ணுயிர்கள் செத்தால் அவற்றின் ஓடுகள் அடியில் போய்ப் படியும். அந்தச் சுண்ணாம்பு ஓட்டில் மக்னீசியம் கூடுதலாக இருந்தால் அது வாழ்ந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது என்று அர்த்தம். குறைவாக இருந்தால் குளிர். யோஸ்ட் சென்டிமீட்டர் சென்டிமீட்டராகச் சேற்றை அலசி, நுண்ணோக்கியின் கீழே ஈரத் தூரிகையின் நுனியால் முப்பது முப்பது ஓடாகப் பொறுக்கி, கழுவி, கரைத்து, அளந்தான். நான்கு வருடம். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே போய்விட்டது அவனுக்கு.

பனியுகத்தின் நடுவே கடல் சில முறை திடீரென்று சூடாகியிருக்கிறது. சூடேறியது சில பத்து வருடங்களில். பிறகு ஆயிரக்கணக்கான வருடம் மெல்ல மெல்லக் குளிர்ந்தது. யார் வரைந்தாலும் கோடு அப்படித்தான் வரும், செங்குத்தாக ஏறிச் சரிவாக இறங்கும். அயர்லாந்துக்குத் தென்மேற்கே எடுத்த யோஸ்டின் குழாயில், ஐம்பத்துநாலாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு நிகழ்வு மட்டும் எதிர்மாறாக நடந்திருந்தது. மெல்ல ஏறிச் செங்குத்தாக விழுந்தது. எட்டாவது மீட்டரில். அவ்வளவு பழைய சேற்றுக்குக் கரிமத்தை வைத்துத் தேதி போட முடியாது என்பதால் அதை மறுக்க வேறு வழியும் இல்லை. தெற்கேயிருந்து ஒரு நீரோட்டம் வந்து நின்றுபோனதாக அவன் விளக்கம் கண்டுபிடித்தான். அழகான விளக்கம்தான். ஆராய்ச்சி இதழ் ஒன்று அதை வெளியிட அநேகமாகச் சம்மதித்துவிட்டது.

அந்த மீட்டர் தலைகீழாக இருக்குமோ என்று முதலில் சந்தேகப்பட்டவன் அவனேதான். இரண்டு வருடத்துக்கு முன்னால், காப்புப் பாதியைத் திறக்க அனுமதி கேட்டு முறைப்படி ஒரு படிவம் கொண்டுவந்தான். வேலைப் பாதியில் ஓரமெல்லாம் தோண்டியாகிவிட்டது, மேல்பக்கம் எது என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை என்று காரணம் எழுதியிருந்தான்.

"குழாயிலேயே அம்பு போட்டிருக்குல்ல? அப்புறம் என்ன?" என்றேன்.

"போட்டவங்க தப்பாப் போட்டிருந்தா?"

"அந்தக் கப்பல்ல நானும் இருந்தேன் யோஸ்ட். இத்தன வருஷத்துல ஒரு துண்டுகூட மாறினதில்ல. ஆளாளுக்கு சந்தேகம் வருதுன்னு திறந்து திறந்து மூடினா உள்ள இருக்கிறது காஞ்சு கருவாடாப் போயிடும். நீ மேல போய் ஓடு பொறுக்கு, போ."

"ஒரு அஞ்சு நிமிஷம்தான் இம்கே."

"அஞ்சு நிமிஷம்னு சொன்னவங்க எத்தன பேர நான் பாத்திருக்கேன்!"

படிவத்தின் அடியில் 'அவசியமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் எனக்கு மேலே உள்ளவர்களிடம் போயிருக்கலாம். போகவில்லை. என்னை நம்பினான்.

இந்த நவம்பரில், உரை வியாழனுக்கு முந்தைய திங்கள்கிழமை காலையில் கிடங்குக்கு இறங்கி வந்தான். ஹாயோ வண்டியை நிறுத்தி, "வணக்கம் யோஸ்ட்! மகாராணி இன்னிக்கு நல்ல மனநிலையில இருக்காங்க, கேக்கிறத இப்பவே கேட்டுக்க" என்றான்.

"ரெண்டே வரி எழுதிக் குடுக்கணும்" என்றான் யோஸ்ட் என்னிடம். இதழிலிருந்து வந்த கடிதத்தை நீட்டினான். எட்டாவது துண்டு தலைகீழாக வைக்கப்படவில்லை என்பதைக் கிடங்குப் பொறுப்பாளர் உறுதிசெய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

"எப்ப வேணும்?"

"புதன்கிழமைக்குள்ள. அது போயிட்டா கட்டுரைய ஏத்துக்குவாங்க. வியாழக்கிழம அத உரையிலயே சொல்லிடலாம்."

"அப்ப இடம் உனக்குத்தான்னு சொல்லு."

"வாய வச்சிடாத தாயே" என்று கண்படாமலிருக்க மேசைப் பலகையைத் தட்டினான்.

அந்த இரண்டு வரியை அங்கேயே நின்று எழுதியிருக்கலாம். ஆனால் பார்க்காத பொருளுக்குக் கையெழுத்துப் போடுவது என் வழக்கமில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் மட்டும் உள்ளே போய், காப்புப் பாதிகளை இழுத்து மேசையில் வைத்து, எட்டாவதின் உறையைப் பிரித்தேன்.

குழாய் சேற்றுக்குள் இறங்கும்போது அதன் சுவர், ஓரத்தில் இருக்கும் சேற்றையும் கீழே இழுத்துக்கொண்டு போகும். அதனால் பிளந்து பார்த்தால் ஒவ்வொரு அடுக்கின் இரண்டு முனையும் கொஞ்சம் கீழ்நோக்கித் தொங்கும். கப்பலில் அதை மீசை என்போம். மீசை எப்போதும் தொங்கும். அது மேலே நிற்கிற குழாயை நான் பார்த்ததில்லை.

எட்டாவது மீட்டரில் எல்லா மீசையும் மேலே நின்றன.

ஏழாவதைத் திறந்தேன். தொங்கியது. ஒன்பதாவதிலும் தொங்கியது. கைவிளக்கை வைத்து எட்டாவதைத் திரும்பவும் பார்த்தேன். பதினான்கு அடுக்குகள், பதினான்கிலும் மேலே. பிறகு துண்டைத் தூக்கி அதன் முதுகைப் பார்த்தேன். மற்றத் துண்டுகளில் எண்ணும் அம்பும் ஒரே சிவப்பு மெழுகுப் பென்சிலில் இருந்தன. எட்டாவதில் எண் சிவப்பு, அம்பு மட்டும் கருப்பு மை. எண் என் கையெழுத்து. எனக்கு எட்டு என்றால் ஒரே அளவில் இரண்டு வட்டம், ஒன்றின்மேல் ஒன்று. வேறு யாரும் அப்படி எழுதுவதில்லை.

அப்போதுதான் அந்த நாள் ஞாபகம் வந்தது. பத்தொன்பது வருடம் முன்பு, என் முதல் பயணம். குழாயைத் தளத்தில் கிடத்தி அறுத்துக்கொண்டிருந்தோம். முதலில் எண், உடனே அம்பு, அதன் பிறகுதான் ரம்பம், இதுதான் விதி. எட்டாவதில் எண்ணைப் போட்டேன், அலை ஒன்று தளத்தின் மேலேறி வந்தது, யாரோ "அறு, அறு, உள்ள கொண்டு போ" என்று கத்தினார்கள், அறுத்துவிட்டார்கள். அம்பை உள்ளே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எண் எந்தப் பக்கம் நிமிர்ந்து நிற்கிறதோ அதுதான் மேல்பக்கம். ஏழாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும். ஒன்பதாக இருந்திருந்தாலும் தெரிந்திருக்கும். என் எட்டு எப்படித் திருப்பினாலும் எட்டுதான். நான் அதைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை. ஆய்வகத்துப் பேனாவை எடுத்து அம்பைப் போட்டு முடித்தேன்.

குளிரில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கும். விரல்கள் விறைத்துவிட்டன.

செவ்வாய்க்கிழமை காலை டிராமில் அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அவன் உரைக்கு எந்தச் சட்டையைப் போடலாம் என்று கேட்டுக்கொண்டு வந்தான். நீலம் என்றேன். நிறுவனத்து வாசலில் இறங்கியதும், "மேல போகாத. என்கூட கீழ வா" என்றேன்.

மேசையில் மூன்று துண்டும் அப்படியே இருந்தன. கைவிளக்கை அவனிடம் நீட்டினேன். அவன் குனிந்தான், நிமிர்ந்தான், ஏழைப் பார்த்தான், திரும்ப எட்டுக்கு வந்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துண்டைத் தூக்கி முதுகுப்பக்கத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தான்.

"மீசைய மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது" என்றான் கடைசியில்.

"முடியாதா?"

"முடியும்." பக்கத்தில் இருந்த பெட்டிமேல் உட்கார்ந்தான். "வேற யார் பாத்தாங்க?"

"நான் மட்டும்தான்."

"ஹாயோ?"

"அவன் வண்டிய விட்டு இறங்கவே மாட்டான்."

அவன் என்னைப் பார்க்காமல் பேசினான். "இம்கே, ஒண்ணு கேக்கிறேன். பொய் எழுத வேணாம். 'கப்பல்ல போட்ட குறிப்புப்படி அம்பு இந்தப் பக்கம் இருக்கு'ன்னு எழுது. அது நெசந்தானே? அம்பு இந்தப் பக்கம்தானே இருக்கு?"

"இருக்கு."

"அவ்வளவுதான். அவங்க அதுக்கு மேல கேக்க மாட்டாங்க. வேல கிடைச்சப்புறம் நானே ஒரு திருத்தம் எழுதி அனுப்பிடுவேன். ஆறு மாசத்துல. சத்தியமா."

"அனுப்புவியா?"

அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. எதன்மேல் கோபம் என்று அப்போது நான் யோசித்துப் பார்க்கவில்லை.

"என்னால முடியாதுப்பா" என்றேன். "தலைகீழா இருக்குன்னு தெரிஞ்சப்புறம் அம்பு எந்தப் பக்கம் இருக்குன்னு எழுத என் கை வராது."

"சரி" என்றான். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான். "யாரு போட்ட அம்பு இது?"

"கப்பல்ல பதினஞ்சு பேர் இருந்தோம்" என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டு மேலே போனான்.

அன்று மத்தியானமே இதழுக்கு இரண்டு வரி எழுதினேன். 'எட்டாவது மீட்டரின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் மாறிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. காப்புப் பாதியைத் திறந்து பார்த்து இதை உறுதிசெய்தேன்.' யார் குறித்தது என்று எழுதவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் வந்த படிவத்தைப் பற்றியும் எழுதவில்லை. கேட்கவில்லையே, கேட்டால் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டதும் உடம்பே லேசானது போல இருந்தது. நேர்மையாக நடந்துகொண்டேன் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போய், கோசுக்கீரையும் தொத்திறைச்சியும் வைத்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். இப்போது அதை நினைத்தால் கூசுகிறது.

புதன்கிழமை முழுவதும் அவன் அறைக்கதவு சாத்தியே இருந்தது.

வியாழக்கிழமை உரைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நாற்பது பேர் இருப்பார்கள். முன்வரிசையில் தேர்வுக்குழு ஐந்து பேர். அவர்களில் எங்கள் இயக்குநர் அல்முட்டும் ஒருத்தி. யோஸ்ட் நீலச் சட்டையில் வந்தான். வழக்கமாகக் கொஞ்சம் தடுமாறிப் பேசுகிறவன் அன்று தடுமாறவே இல்லை. முதலில் பழைய கோட்டைக் காட்டினான். மெல்ல ஏறிச் செங்குத்தாக விழுவது. நீரோட்டத்தைப் பற்றிய விளக்கத்தையும் முழுதாகச் சொன்னான். குழுவில் இரண்டு பேர் குறிப்பெடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு, "இது தப்பு" என்றான்.

அடுத்த படம் காப்புப் பாதியின் புகைப்படம். மீசைகள் மேலே நின்றன. அதற்கடுத்து, திருப்பி வரைந்த கோடு. செங்குத்தாக ஏறிச் சரிவாக இறங்கியது. உலகத்தில் எல்லாரும் வரைவது போலவே இருந்தது. அளவுகள் அத்தனையும் சரியாக இருந்தன, நான்கு வருடம் ஓடு பொறுக்கியதில் ஒரு குறையும் இல்லை. புதிதாகச் சொல்லத்தான் அதில் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

முடித்ததும் மேசையை விரலால் தட்டிப் பாராட்டினோம். தட்டியது பாதிப் பேர். மற்றவர்கள் தட்டலாமா கூடாதா என்று பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி நேரம். குழுவில் வெளியூரிலிருந்து வந்திருந்த பெண்மணி ஒருவர், மிக மரியாதையாக, குத்திக்காட்டும் எண்ணமே இல்லாமல் கேட்டார். "இவ்வளவு வெளிப்படையா சொன்னதுக்கு நன்றி. ஒண்ணே ஒண்ணு. எதிர்மாறா ஒரு கோடு வந்தா முதல்ல எல்லாருக்கும் வர்ற சந்தேகம் இதுதானே. காப்புப் பாதிய இந்த நாலு வருஷத்துல ஒரு தடவகூட நீங்க திறந்து பாக்கலையா?"

யோஸ்ட் மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்தான். குடித்தான். பாதி குடித்து நிறுத்தி, திரும்பவும் குடித்தான். எல்லாரும் காத்திருந்தோம்.

எனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நன்றாகத் தெரியும். வாக்கியம்கூட நாக்கு நுனியில் இருந்தது. திறக்கச் சொல்லி யோஸ்ட் கேட்டார், நான் மறுத்தேன், அம்பைப் போட்டவளும் நான்தான். அவ்வளவுதான். சொல்லி முடிக்கப் பத்து விநாடி ஆகாது. முன் நாற்காலியின் முதுகைப் பிடித்தேன். எழுந்தால் நாற்பது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். நாளை முதல் கிடங்குக்கு வருகிறவன் ஒவ்வொருவனும் என் அம்பைப் பார்த்துச் சிரிப்பான். பத்தொன்பது வருடமாக அடுக்கி வைத்த அத்தனை துண்டையும் திறந்து காட்டச் சொல்வார்கள். இதெல்லாம் அந்த ஒரு குவளைத் தண்ணீர் நேரத்தில் என் தலைக்குள் ஓடியது.

நான் எழுந்திருக்கவில்லை.

யோஸ்ட் குவளையை வைத்தான். "இல்ல" என்றான். "பாத்திருக்கணும். தப்பு என்னோடதுதான்."

அந்தப் பெண்மணி தலையசைத்து எதையோ எழுதிக்கொண்டார்.

எட்டு நாள் கழித்து முடிவு வந்தது. இடம் வேறொருவருக்குப் போனது. நல்ல ஆள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று மத்தியானம் நான் பழைய படிவத்தைத் தேடி எடுத்தேன். நடந்ததையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி இரண்டையும் இணைத்து அல்முட்டின் மேசையில் வைத்தேன். அவள் நின்றபடியே படித்தாள்.

"இதுல இருக்கிற 'அவசியமில்லை' நீ எழுதினதா?"

"ஆமா."

"இத நீ வியாழக்கிழம சொல்லியிருக்கணும் இம்கே. நாங்க அஞ்சு பேரும் பேசினதே அந்த ஒரு கேள்வியத்தான். மத்தபடி அவன்மேல யாருக்கும் ஒரு புகாரும் இல்ல." காகிதத்தை மடித்தாள், திரும்பவும் பிரித்தாள். "கையெழுத்தாகிப் போன விஷயம். இப்ப இத வச்சு நான் என்ன பண்றது, சொல்லு."

நான் மாடிக்குப் போனேன்.

யோஸ்ட் ஓடுகள் ஒட்டிய சின்னச் சின்னத் தட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நாற்காலியில் இருந்த புத்தகங்களை எடுத்துக் கீழே வைத்தான். நான் உட்காரவில்லை.

"அந்த அம்பு நான் போட்டது" என்றேன்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அன்னிக்குத் திருப்பிப் பாத்தேனே, அப்பவே. உன் எட்டு எனக்குத் தெரியாதா? ரெண்டு உருண்ட. கிடங்குல பாதிப் பெட்டிமேல அதுதானே இருக்கு."

"அப்புறம் ஏன் நீ சொல்லல? நான் மறுத்தேன்னு சொல்லியிருக்கலாம்ல? படிவம் இருந்துச்சுல்ல?"

அவன் ஒரு தட்டை வெளிச்சத்தில் பிடித்து, ஓடுகள் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துப் பெட்டிக்குள் வைத்தான்.

"நீதான் கடைசி வரிசையில இருந்தியே" என்றான். "அவ்வளவு தண்ணிய எதுக்கு அவ்வளவு மெதுவா குடிச்சேன்னு நினைக்கிற?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.